இடைச்சிக்கு ஒரு புதுப் பெயர்

"பெண்டாட்டி!"

ஒலிபெருக்கிக் குழாய்கள் அந்தச் சொல்லைப் பள்ளி மைதானம் முழுக்க இறைத்தன. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மேடையில் நின்ற புலவர் சுட்டுவிரலை உயர்த்தி, "இச்சொல்லைப் பிரியுங்கள் பார்ப்போம்" என்றார். ஒருவரும் பிரிக்க முன்வராததால் அவரே பிரித்தார்.

"பெண்டு, ஆட்டி! ஆட்டி என்பவள் யார்? ஆட்டை உடையவள் ஆட்டி! ஆதித் தமிழன் ஆடு மேய்க்கும் நங்கையைத்தான் மணந்தான். அதனால்தான் இன்றளவும் மனைவியைப் பெண்டாட்டி என்கிறோம்!"

ஒரே கைதட்டல். தங்கள் வீட்டில் இருப்பது இன்னதென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவர்கள் மாதிரி ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மேடையின் ஓரத்தில், மடக்கு நாற்காலியில், உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள் என் அம்மா வெள்ளையம்மா. அன்றைய விழாவே அவளுக்காகத்தான். ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தியை மேடையேற்றி, அவளுடைய குலப்பெயரில் ஒட்டியிருக்கும் இழிவைத் துடைத்து, புதுப்பெயர் சூட்டும் விழா. அம்மா புலவரைப் பார்க்கவில்லை. மைதானத்துக்கு மேற்கே, ஆடுகள் கத்துகிற சத்தம் வந்த பக்கம்தான் அவள் பார்வை இருந்தது. கடும் கோடை. முதல்நாள் காலையில் குடித்த தண்ணீரோடு அவளுடைய செம்மறிகள் அங்கே நின்றுகொண்டிருந்தன.

குளம் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குளத்துக்குப் போகிற பாதையில் முள் இருந்தது. முள்ளைப் போட்டவர், விழாவுக்குத் தலைமை தாங்கி, மாலையும் கழுத்துமாக அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சொல்

இந்தத் தொடரில் இரண்டு வாரங்களுக்கு முன்பு நான் என்னை 'இடைச்சி மகள்' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, அந்தச் சொல்லைத் தாங்களே எழுதலாமா? மனசு புண்படுகிறது" என்றார். யாருடைய மனசு என்று கேட்டேன். பொதுவாகச் சொன்னாராம். பொதுவாகப் புண்படுகிற மனசுகள் நம் ஊரில் அதிகம். அவற்றுக்கு மருந்து போட என்னிடம் நேரமில்லை.

இடைச்சி என்றால் என்ன? பள்ளிப் பாடத்தில் சொல்கிற விளக்கம் எளிமையானது. மலை குறிஞ்சி, வயல் மருதம். இரண்டுக்கும் இடையில் கிடக்கிற காடும் மேய்ச்சலும் முல்லை. அந்த இடைநிலத்தில் ஆடு மாடு வைத்துப் பிழைத்தவன் இடையன், அவன் வீட்டுப் பெண் இடைச்சி. வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இது போதும். ஆய்ச்சி என்றும் ஒரு சொல் இருக்கிறது. அது பசுவைக் குறிக்கும் 'ஆ'விலிருந்து வந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் பசு கிடையாது, அதனால் எங்களுக்கு அது ஒட்டாது.

இந்த இரண்டிலும் இழிவு எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். சொல்லில் இல்லை. திண்டுக்கல் கடைவீதியில் "ஏ இடைச்சி, ஆட்டை ஒதுக்கு" என்று லாரியின் கதவைத் தட்டிக் கத்துவானே, அவன் வாயில் இருந்தது. மறதியாக ஒரு காரியம் செய்தால் "இடைச்சிப் புத்தி" என்று சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பில் இருந்தது. வாயைக் கழுவாமல் சொல்லைக் கழுவக் கிளம்பியவர்கள்தான் நான் சொல்ல வந்த பெரிய மனிதர்கள்.

எனக்கென்று ஒரு விளக்கம் உண்டு. சிறுமலை அடிவாரத்தில் ஆட்டை ஏற்றினால் காட்டிலாகாக்காரர் கீழே விரட்டுவார். கீழே இறக்கினால் வயல்காரர் மேலே விரட்டுவார். இந்த இரண்டு விரட்டலுக்கும் இடையில் பிழைத்தவள் இடைச்சி. இதை யாராவது அகராதியில் சேர்த்தால் நான் சந்தோஷப்படுவேன்.

புலவரின் ஆராய்ச்சி

அப்போது நான் ஊரின் மேற்கு ஓரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அறுபதுகளின் தொடக்கம் என்று நினைவு. புலவரும் அதே பள்ளிதான். தனித்தமிழில் அல்லாமல் பேசமாட்டார். டீ வேண்டும் என்றால் "தேநீர் கொணர்க" என்பார். கடைக்காரப் பையனுக்கு அது விளங்குவதற்குள் மணி அடித்துவிடும்.

நான் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் அவருக்கு என் மேல் அளவில்லாத இரக்கம் வந்துவிட்டது. "தங்கள் குலப்பெயருக்கு விடுதலை வாங்கித் தருவேன்" என்று ஆசிரியர் அறையில் சபதம் செய்தார். நான் கேட்கவில்லை. விடுதலை வாங்கித் தருகிறவர்கள் எப்போது கேட்டுக்கொண்டு செய்திருக்கிறார்கள்?

முதலில் இடைச்சி என்ற சொல்லுக்கே உயர்ந்த பொருள் கண்டுபிடித்தார். இடை என்றால் இடுப்பு. நடந்து நடந்து இடை சிறுத்தவள் ஆதலால் இடைச்சி. கேட்ட கணக்கு வாத்தியார் என் இடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த விளக்கம் அத்தோடு ஒடுங்கியது.

அடுத்தது ஆய்ச்சி. அதை மூன்றாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தார். "அய்யா, ஆய்ச்சின்னா ஆய் போறவளா?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டது. வகுப்பு அடங்குவதற்குப் பிரம்பு தேவைப்பட்டது. ஆய்ச்சியும் போயிற்று.

கடைசியில்தான் ஆட்டி வந்தாள். ஆடு, அதிலிருந்து ஆட்டி. பெண்டாட்டியே சாட்சி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆளன் என்பதற்குப் பெண்பால் ஆட்டி, ஆளுகிறவள். இது பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லித் தருவது. இருந்தாலும் மரியாதையாக, "அப்படியானால் மூதாட்டி என்பவள் கிழட்டு ஆடு மேய்ப்பவளா ஐயா?" என்று கேட்டேன்.

"ஆகா!" என்று புலவர் எழுந்துவிட்டார். "குறித்துக்கொள்ள வேண்டும். சீமாட்டி?"

"சீமை ஆடு மேய்ப்பவள்" என்றேன்.

"பார்த்தீர்களா, தங்களுக்கே உள்ளுணர்வு இருக்கிறது" என்றார். கிண்டல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. விழாவில் சீமாட்டியையும் மூதாட்டியையும் சேர்த்தே பேசினார். அதற்கும் கைதட்டினார்கள்.

மந்தை

அம்மா குஜிலியம்பாறைப் பக்கத்தவள். அறுவடை முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் வந்துவிடுவாள். எருவுக்காக வயல்காரர்கள் கிடை போடச் சொல்லுவார்கள். இரவில் வயலில் ஆட்டை மடக்கிப் போடுவதுதான் கிடை. கூடவே சின்னம்மாவும் வருவாள். ஒருத்தி மந்தைக்கு முன்னால், ஒருத்தி பின்னால்.

அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தவறான எண்ணம் வந்துவிடக் கூடாது. பாடப் புத்தகப் படத்தில் கோலை ஊன்றி நிற்கும் சாதுப் பெண் அல்ல அவள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வெற்றிலை போடாத வாயைப் பார்க்க முடியாது. ஆட்டைத் திட்டுகிறாளா ஆளைத் திட்டுகிறாளா என்று தெரியாமல் வழியில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் குட்டைகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. ஆத்தூர் போகிற சாலையோரம், எங்கள் பள்ளி மைதானத்தை ஒட்டியிருந்த குளத்தில் மட்டும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மண்டி வைத்துப் புகையிலை வியாபாரம் செய்த பணக்காரர் ஒருவர், வற்றிய குளத்துக்குள் வெள்ளரி போட்டிருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் 'தலைவர்'. எதற்குத் தலைவர் என்று கேட்டால் இன்னதுதான் என்று சொல்ல முடியாது, எதற்கு வேண்டுமானாலும். வெள்ளரியை ஆடு மேய்ந்துவிடும் என்று, காலங்காலமாகக் கால்நடை இறங்குகிற பொதுப் பாதையை உடைமுள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்.

அம்மா அவர் மண்டிக்குப் போய்க் கேட்டாள். "பாப்போம்" என்றார். இரண்டாம் தடவையும் "பாப்போம்" என்றார். வெகுதூரத்தில், மாடு கட்டி நீர் இறைக்கிற ஒரு கமலைக் கிணற்றில் கெஞ்சிக் கூத்தாடி அம்மா தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். விழாவுக்கு முதல்நாள் அந்தக் கிணறும் சேறாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் புலவர் என்னிடம், தமிழ் மன்றத்துக்குத் தங்கள் தாயாரை அழைத்து வாருங்கள் என்றார். தலைவரே தலைமை. நான் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"மன்றத்துக்கு உன்னயக் கூப்பிடுறாங்க. தலைவரும் வாராரு."

"எங்க, மந்தைக்கா?"

"மன்றம்மா."

"அதத்தேன் கேக்குறேன். மந்தையில வச்சுப் பேசுறாகளா?"

எங்கள் ஊரில் மந்தை என்றால் ஆட்டுக்கூட்டம் மட்டுமல்ல. ஊருக்குப் பொதுவான வெட்டவெளியும் மந்தைதான். பஞ்சாயத்து கூடுவது அங்கேதான். வரப்புத் தகராறிலிருந்து தண்ணீர்த் தகராறு வரை மந்தையில் பேசித் தீர்ப்பதுதான் அம்மா அறிந்த முறை. மண்டியில் தட்டிக் கழித்த மனிதர் மந்தையில் நாலு பேர் முன்னால் தட்டிக் கழிக்க முடியாது என்று அவள் முகம் தெளிந்துவிட்டது.

"அப்பச் சரி. ஆட்டையும் ஓட்டியாந்துர்றேன். பேசி முடிச்ச கையோட தண்ணிக்கு எறக்கிறலாம். சினை ஆடு நாலஞ்சு நிக்குது தாயி, நாளைக்கும் தண்ணி இல்லைன்னா குட்டியக் கீழ போட்டுரும்."

நான் திருத்தவில்லை. மன்றம் என்ற சொல்லுக்கு அவள் கொண்ட பொருள்தான் ஒழுங்கான பொருளாக எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

ஏற்புரை

இனி மேடைக்கு வருவோம். புலவர் பெண்டாட்டியை முடித்துவிட்டு அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மெரூன் நிறம், ஓரத்தில் மினுமினுக்கிற கரை. அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. மேடைக்குக் கீழே நின்ற என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டு, "சாயம் போகுமா?" என்று கேட்டாள். அதுவும் மைக்கில் கேட்டது. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

பிறகு தலைவர் பேசினார். "இன்றோடு இடைச்சி என்ற இழிசொல் திண்டுக்கல் மண்ணில் செத்துவிட்டது. இனி யார் வாயிலும் அது வரக் கூடாது. முதலில் என் வாயில் வராது. இவர் ஆட்டி! முல்லை நிலத்தின் அரசி! இந்த மண்ணும் இந்த நீரும் ஆதியில் யாருடையவை? இவருடையவை!" என்று முழங்கினார். நீர் என்றபோது குளம் இருந்த பக்கம் கையை வேறு நீட்டினார். வெட்கம் என்பது தனியாக விற்கிற பண்டமாக இருந்தால் நானே ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

மேடைக்குப் பக்கத்தில் பெட்டியும் பேட்டரியுமாக உட்கார்ந்திருந்தவர் மைக்செட் காதர் பாய். பேகம்பூர்க்காரர். அம்மாவிடம் பக்ரீத் பெருநாளுக்கு ஆடு வாங்குகிற பழக்கம். "டீச்சரம்மா, ஆடு கத்துறது என் குழாய்ச் சத்தத்தையும் தாண்டிக் கேக்குது. இவுங்களுக்குக் காது கேக்கலையா?" என்றார். கேட்கிற காதாக இருந்தால் மைக் எதற்கு என்றேன்.

ஒருவழியாக ஏற்புரைக்கு அம்மாவை அழைத்தார்கள். "இரண்டே சொல்" என்று புலவர் காதில் சொல்லி அனுப்பினார். அம்மா மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். மந்தையில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் கும்பிடு. அய்யா சொன்னது அம்புட்டும் கேட்டேன். தண்ணி எங்களதுன்னு அவரே வாயால சொல்லிட்டாரு. அந்த முள்ளை எடுக்கச் சொல்லுங்க சாமி. ஆடு நேத்திருந்து நிக்குது."

புலவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் எழுந்து வந்து, சிரித்துக்கொண்டே, அம்மாவின் தோளுக்கு மேலாக மைக்கைத் தன் பக்கம் வளைத்தார்.

"அம்மையார் மகிழ்ச்சியில் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள். அடுத்து, நன்றியுரை."

"பேசி முடிக்கலையேய்யா" என்றாள் அம்மா.

"விழா முடியட்டும், பாப்போம்" என்றார் தலைவர்.

மூன்றாவது பாப்போம். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மைக்கை விட்டு விலகினாள். படி இறங்கி, பொன்னாடையோடு, கூட்டத்துக்கு நடுவே மேற்குப் பக்கமாக நடந்தாள். இயற்கை அழைப்பு என்று நினைத்து எல்லாரும் வழிவிட்டார்கள். புலவர் நன்றியுரையை ஆரம்பித்தார். நாற்காலி கொடுத்தவருக்கு நன்றி, பந்தல் போட்டவருக்கு நன்றி, வருகை தந்து பெருமை சேர்த்த ஆட்டிக்கு நன்றி.

தண்ணி

நான் அம்மாவுக்குப் பின்னாலேயே ஓடினேன்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சின்னம்மா ஆடுகளை முள்ளடைப்புக்கு முன்னால் மறித்து நின்றாள். ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையைச் செருகி, மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. அப்போது கத்தக்கூட இல்லை. தண்ணீர் வாசனை அவற்றுக்கு அடித்திருக்க வேண்டும், முன்னால் நின்றவை முள்ளில் மூக்கை வைத்து எடுத்தன.

"பேசிட்டியாக்கா? என்ன சொன்னாக?" என்றாள் சின்னம்மா.

"நன்றி சொல்லிட்டிருக்காக" என்றாள் அம்மா.

தோளிலிருந்து பொன்னாடையை உருவினாள். ஒருமுறை விரித்துப் பார்த்தாள். பிறகு இரண்டாக மடித்து, இரண்டு கையிலும் முழங்கை வரை சுற்றிக்கொண்டு, குனிந்து முள்கட்டின் அடிக்கொம்பைப் பிடித்து இழுத்தாள். மினுமினுக்கிற கரை கிழிந்து முள்ளோடு போயிற்று. இன்னொரு இழுவை. வழி திறந்தது. சின்னம்மா நாக்கைச் சுழற்றிக் குரல் கொடுத்தாள். ஆடுகள் எங்கள் மூவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கின. நான் கீழே விழுந்தேன். வெள்ளரிக் கொடியை ஓர் ஆடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, நேராகத் தண்ணீருக்குப் போயின.

வெள்ளரித் தோட்டத்துக் காவல்காரன் இதைப் பார்த்துவிட்டு மேடையை நோக்கி ஓடினான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மேடை விளக்கு தெரிந்தது. நன்றியுரை சட்டென்று நின்றது. பிறகு குழாய்களில் கரகரவென்று ஒரு சத்தம், அதன் பின்னால் காவல்காரனின் மூச்சு.

"அய்யா, முள்ளை இழுத்துப் போட்டுட்டாய்யா."

"எவடா?"

அது தலைவரின் குரல். மைக்குக்கு முன்னால்தான் நின்றிருக்கிறார். சற்று முன் முழங்கிய அதே மைக். காதர் பாய் அணைக்கவில்லை. கை மறந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார், சொல்லும்போது சிரித்தார்.

"எவ? அந்த இடைச்சியா? மேடையில உக்கார வச்சாலும் இடைச்சி இடைச்சிதானடா! ஓடு, அவ ஆட்டையெல்லாம் புடிச்சுக் கட்டு. எங்கடா போனா அந்த இடைச்சி?"

திண்டுக்கல் மண்ணில் அன்று மாலை செத்துப்போன சொல், இரண்டு குழாய்களிலும் ஏறி, குளத்துக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டது. மைதானத்தில் முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு கூட்டமே சிரித்தது. "தலைவரே, மைக், மைக்" என்று புலவர் பதறுவதும் குழாயில் வந்தது.

அம்மா முழங்கால் அளவு தண்ணீரில், சினை ஆடுகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டுக்கொண்டு நின்றாள். மேடைப் பக்கம் திரும்பினாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"இங்கிட்டுத்தேன் இருக்கேன்யா! செத்த நேரம் மந்தையிலயே உக்காந்திருங்க. தண்ணி காட்டிட்டு வாரேன்!"